சோப்புக்குள் ஓடும் கோடுகள்

காய்ச்சாமல் ஊற்றும் கோல்டு பிராசஸ் சோப்பில் டிசைன் செய்யக் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். எண்ணெயும் காஸ்டிக் சோடாத் தண்ணீரும் சேர்ந்த நொடியிலிருந்து கலவை இறுகத் தொடங்கிவிடும். நிறம் பிரிப்பது, ஊற்றுவது, கம்பி இழுப்பது எல்லாம் அது ஓடும் பதத்தில் இருக்கும்போதே முடிந்தாக வேண்டும். இறுகிய பிறகு ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. மறுநாள் அச்சிலிருந்து எடுத்துக் குறுக்கே வெட்டும்போதுதான் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியும்.

பொள்ளாச்சியில் வீட்டுப் பின்கட்டில் தொடங்கி, இன்று சில பெண்களோடு சேர்ந்து ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். இத்தனை காலத்தில் இந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பாடம் ஒன்றுதான். சோப்புக்குள் தெரியும் வடிவம், அந்தச் சோப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி. எண்ணெயின் விகிதம், தண்ணீரின் அளவு, சூடு, கை நின்ற இடம் எல்லாம் அதில் பதிந்துவிடுகின்றன. அழகுக்காகத்தான் டிசைனில் இறங்கினேன். நல்ல சோப்புச் செய்யக் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

எண்ணெய் முதலில்

ஆரம்பத்தில் நான் பார்த்துப் பழகிய வீடியோக்கள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுடையவை. ஆலிவ் எண்ணெய் அதிகம் சேர்ப்பார்கள், அறையும் குளிர்ந்திருக்கும். அவர்களுடைய கலவை நெடுநேரம் நீர்க்கவே இருக்கும். நிதானமாகப் பேசிக்கொண்டே ஐந்து நிறம் பிரிப்பார்கள். எங்கள் ஊரில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். சித்திரை மாதத்தில் பட்டறைக்குள் 35 டிகிரிக்கு மேல் இருக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நுரைக்கும் கெட்டித்தன்மைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. அதே குணம்தான் டிசைனுக்கு இடைஞ்சல். கலவை சீக்கிரம் இறுகிவிடும்.

அதனால் டிசைனைத் தள்ளிவைத்துவிட்டு, எண்ணெய்களைத் தனித்தனியே சோதித்துப் பார்த்தேன். ஒரே சூட்டில், ஒரே அளவில், ஒவ்வோர் எண்ணெயையும் அதற்குரிய சோடாத் தண்ணீரோடு கலக்கி, எது எவ்வளவு நேரம் ஓடும் நிலையில் நிற்கிறது என்று பார்த்தேன். கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் நிதானமானவை. நல்லெண்ணெயை மிகுதியாகச் சேர்த்தால் நாள்பட்ட சோப்பில் சிக்கு வாடை அடிக்கும், ஆரஞ்சுநிறப் புள்ளி விழும். ஆகவே அதற்கு ஒரு வரம்பு உண்டு. விளக்கெண்ணெய் நுரையை நிற்கவைக்கும். கூடினால் சோப்பு பிசுக்கென்று ஒட்டும். கடைசியில் 1 கிலோவுக்குத் தேங்காய் எண்ணெய் 450 கிராம், கடலெண்ணெய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100 என்று நிறுத்தினேன். டிசைன் சோப்புகளுக்கு இன்றும் இதுதான் எங்கள் அடிப்படை.

ஒவ்வோர் எண்ணெயும் கேட்கும் சோடாவின் அளவு வேறு. தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் வேண்டும். கடலெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பதின்மூன்றரை போதும். எண்ணெயில் 8 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்குப் போட்டால், மேலே சொன்ன 1 கிலோவுக்குச் சோடா சுமார் 144 கிராம் வரும். எண்ணெய் மாறினால் கணக்கையும் மாற்ற வேண்டும்; கண்ணளவுக்கு இங்கே இடமே கிடையாது. சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வரும் தடித்த பிளாஸ்டிக்கும்தான் சரி. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் என் பட்டறையில் யாரும் சோடா டப்பாவைத் திறப்பதில்லை.

பதம் பார்ப்பது

எண்ணெயும் சோடாத் தண்ணீரும் பிரியாமல் ஒன்றாகி, கரண்டியால் சிந்தினால் மேலே தடம் நிற்கும் நிலைக்கு ட்ரேஸ் என்று பெயர். அதில் பல படிகள் உண்டு. கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு நான் மாவைச் சொல்லித்தான் விளக்குவேன். ஆப்ப மாவுப் பதம், தோசை மாவுப் பதம், இட்லி மாவுப் பதம். இந்த மூன்றும் கைக்குத் தெரிந்துவிட்டால், எந்த டிசைனை எப்போது ஊற்றலாம் என்பதில் குழப்பமே வராது.

ஆப்ப மாவுப் பதத்தில் கோடுகள் மெலிந்து ஓடும். சீப்பு இழுக்கும் டிசைன்களுக்கு அதுதான் வேண்டும். தோசை மாவுப் பதத்தில் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஊற்றினால் இரண்டும் கலக்காமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இறங்கும். சுழல் டிசைன் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. இட்லி மாவுப் பதத்தில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். கரண்டியால் மேல்பக்கத்தைச் சீவிச் சிகரம் எழுப்பலாம்.

ஹேண்ட் பிளெண்டரை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓட்டுவேன். சில நொடி ஓட்டி நிறுத்தி, மிச்சத்தைக் கையால் கிளறுவேன். எண்ணெய்ப் பளபளப்பு மேலே தெரியாத நிலை வந்ததும் நிறங்களைப் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளறலும் நேரத்தைத் தின்னும்.

வாசனை எண்ணெயும் பதத்தைத் தீர்மானிக்கும். நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய் இரண்டும் சாது. கிராம்பு எண்ணெய் விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலவை கெட்டிப்படும். கடையில் வாங்கும் மல்லிகை வாசனைகளில் பலவும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மல்லிகைக்குத்தான் கேட்பு அதிகம். அதனால் மல்லிகைச் சோப்புக்கு அடுக்கு டிசைனையே வைத்துக்கொண்டோம். கலவையின் வேகத்தைக் குறைக்கப் போராடுவதைவிட, அந்த வேகத்துக்கு ஏற்ற வடிவத்தைக் கொடுப்பதில் எனக்கு நிம்மதி. அடுக்குக்கு நடுவே டீ வடிகட்டியால் சிரட்டைக் கரித்தூளை மெல்லத் தூவினால் பென்சிலால் கீறிய கோடு விழும். தூள் தடித்துவிட்டால் அந்த இடத்தில் சோப்பு இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால், கீழ் அடுக்கு மங்கலாகத் தெரியும் அளவோடு நிறுத்த வேண்டும். கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துச் செய்த எங்கள் சோப்பு இந்த முறையில் பிறந்ததுதான்.

காரத்தில் நிற்கும் நிறங்கள்

சோப்புக் கலவை கடும் காரம். சமையலறையில் அழகாக இருக்கும் நிறம் அதில் நிற்கும் என்று நம்ப முடியாது. பீட்ரூட்டும் செம்பருத்தியும் பழுப்பாகிவிடும். மஞ்சள் முதலில் செங்கல் நிறத்துக்கு மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே வேதியியல்தான். சோப்பு ஆறி, காரம் தணியத் தணிய, அது மங்கிய மஞ்சளுக்குத் திரும்பும். வெயில் பட்டால் இன்னும் வெளுக்கும். முருங்கைத்தூளின் பச்சையும் வெளிச்சத்தில் காக்கியாகும்.

நின்று பிடிப்பவையும் நம் மருந்துக்கடைகளிலேயே இருக்கின்றன. மஞ்சிட்டியை எண்ணெயில் ஊறவைத்து வடித்தால் மங்கிய ரோஜா நிறம் கிடைக்கும். கூந்தல் தைலத்தைச் சிவக்கவைக்கும் வேம்பாளம் பட்டை, காரம் பட்டதும் ஊதாவுக்குத் திரும்பும். அவுரி நீலமாகவே இருக்கும். கரி கறுப்பு, காவி செம்பழுப்பு, இரண்டும் அசையாது. தூள்களை நேராகக் கலவையில் கொட்டினால் திட்டுத்திட்டாக நிற்கும். முன்கூட்டியே கொஞ்சம் எண்ணெயில் குழைத்து மெல்லிய துணியில் வடித்துவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

நிறங்களை எந்த வரிசையில் அடுத்தடுத்து வைப்பது என்பதற்கு எனக்குக் கைகொடுத்தவர் ஒரு வேதியியலாளர். பிரான்சைச் சேர்ந்த மிஷெல் யூஜீன் ஷெவ்ரல், எண்ணெய்களும் கொழுப்புகளும் எதனால் ஆனவை, சோப்பாகும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக்கிய ஆய்வுநூலை 1823இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாரீசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று வந்த புகார்களை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கண்ணுக்கு அப்படிக் காட்டுகிறது என்று கண்டார். அதை விரித்து 1839இல் நிறங்களின் முரண் பற்றிய நூலை எழுதினார். சோப்பையும் நிறத்தையும் ஒரே மனிதர் விளக்கியிருக்கிறார் என்பதில் எனக்கு ஆழ்ந்த நன்றி உண்டு.

அவர் சொன்னதைப் பட்டறையில் அன்றாடம் பார்க்கிறோம். மங்கிய மஞ்சிட்டி நிறம் வெள்ளைக்கு அருகே அழுக்காகத் தெரியும். வேப்பிலைப் பச்சைக்கு அருகே வைத்தால் அதே நிறம் மலர்ந்துவிடும். கரிக் கோடு ஒன்று நடுவில் ஓடினால் இரண்டு பக்கமும் உள்ள நிறங்கள் தெளிகின்றன. செடி நிறங்களின் வலிமை குறைவுதான். அடுத்திருக்கும் நிறத்தைச் சரியாகத் தேர்ந்தால் அந்தக் குறை தெரியாது.

கம்பியும் சீப்பும்

சுழலை உண்டாக்குவதில் முதல் கருவி உயரம். பாத்திரத்தை அச்சின் வாயருகே பிடித்து ஊற்றினால் நிறம் மேலேயே படரும். ஒரு முழம் தூக்கி ஊற்றினால் அடிவரைக்கும் குத்தி இறங்கும். ஒரே நிறத்தைத் தாழ்வாகவும் உயரமாகவும் மாறிமாறி ஊற்றினாலே, வெட்டும்போது ஆழமும் அசைவும் தெரியும்.

இரண்டாவது கருவி கம்பி. சேலை ஹேங்கரை நிமிர்த்தி, அச்சின் நீளத்துக்கு வளைத்து, சுவரை ஒட்டி அடிக்கு இறக்கி, நகர்த்தி, மேலே எடுத்து, மறுபடி இறக்க வேண்டும். மெல்லிய கம்பி நூலிழையை விடும். அதன் மேல் ஸ்ட்ரா ஒன்றைச் செருகினால் பட்டை அகலும். பதம் கெட்டியாக இருந்தால் கம்பி போன வழியில் காற்றுப் பொந்து விழும். எத்தனை சுற்று என்பதில்தான் மனக்கட்டுப்பாடு வேண்டும். இன்னும் ஒரு சுற்று என்று கை துறுதுறுக்கும். அந்தச் சுற்றில்தான் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேற்று நிறமாகும்.

மயில் டிசைனுக்குச் சீப்பு வேண்டும். இது காகித மார்பிளிங் கலையிலிருந்து சோப்புக்கு வந்தது. பழைய பேரேடுகளின் அட்டையில் இந்த அலைக்கோடுகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். துருக்கியின் எப்ரு, கெட்டிப்படுத்திய நீரின் மேல் சாயத்தை மிதக்கவிட்டுச் சீப்பால் இழுத்துக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் கலை. 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நீர் சாயத்தைத் தாங்குகிறது. சோப்பில் தாங்குவதும் நிறமும் ஒரே கலவை என்பதால் பதம் பிசகவே கூடாது.

எங்கள் தெரு ஆசாரியிடம் சீப்புக் கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, "பல்லுக்குப் பல்லு அரை இஞ்சு போதுங்களா அக்கா?" என்றார்.

"இன்னொரு வரிசையும் வேணுங்க ஆசாரி. அது இதுக்கு நடுநடுவுல வரணும்" என்றேன்.

"அப்ப ரெண்டு வரிசையையும் ஒரே சட்டத்துல கொடுத்துர்றனுங்க. தனித்தனியாப் பிடிச்சா உங்க கை ஆடும். கோடு கோணிப் போயிருமுங்க."

அவர் சொன்ன அந்த ஒற்றைச் சட்டம்தான் இன்றைக்கும் எங்கள் சீப்பு. தட்டையான அச்சில் சாஸ் பாட்டில்களால் கோடுகோடாக ஊற்றி, குறுக்கே சீப்பை ஒருமுறை இழுத்து, பிறகு இரண்டு வரிசைப் பல்லையும் அலையாக ஆட்டிக்கொண்டே கொண்டுபோனால் தோகை விரியும். இதற்குத் தேங்காய் எண்ணெயைக் குறைத்து, விடியற்காலைக் குளிர்ச்சியில், சோடாவைப் போல இரு மடங்குத் தண்ணீர் வைத்து ஊற்றுகிறோம். தண்ணீர் கூடினால் கலவை நிதானப்படும்.

நிறமே சேர்க்காத சுழல்

தண்ணீர் அவ்வளவு செய்யும் என்றால், தண்ணீரை மட்டும் வைத்தே வடிவம் கொண்டுவர முடியுமா? முடியும். ஆங்கிலத்தில் கோஸ்ட் ஸ்வர்ல் என்கிறார்கள். நாங்கள் நிழல் சுழல் என்கிறோம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான்.

எண்ணெயை 500 கிராம் வீதம் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் சோடா 72 கிராம்தான். ஒன்றில் அதைக் கரைக்க 108 கிராம் தண்ணீர், மற்றதில் 216 கிராம். தண்ணீர் கூடியது பதத்துக்கு வர நேரமெடுக்கும், அதனால் அதை முதலில் கலக்க வேண்டும். இரண்டும் ஒரே பதத்துக்கு வந்ததும் மாறிமாறி ஊற்றிக் கம்பி இழுத்து, அச்சைக் கம்பளியால் போர்த்திவிட வேண்டும்.

சோப்பாகும் வினை சூட்டை உண்டாக்கும். சூடு ஏறும்போது கலவை ஒரு கட்டத்தில் வாசலின் பதத்துக்கு இளகிக் கண்ணாடித்தன்மை பெறும். அது ஜெல் நிலை. தண்ணீர் அதிகமுள்ள பாதி குறைந்த சூட்டிலேயே ஜெல்லாகும். தண்ணீர் குறைந்த பாதிக்கு அந்தச் சூடு போதாது. ஆறியபின் வெட்டினால் ஒன்று அடர்ந்து மினுங்கும். மற்றது வெளிறி மங்கி நிற்கும். சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. வாரங்கள் போக, தண்ணீர் கூடிய பகுதி அதிகம் சுருங்கி, சுழலின் மேடுபள்ளம் விரலுக்கே தட்டுப்படும்.

இதே ஜெல்தான் மற்ற டிசைன்களில் எங்களைச் சோதிப்பதும். வெயில் காலத்தில் அச்சின் நடுப்பகுதி மட்டும் ஜெல்லாகி, ஓரம் ஆகாமல் நின்றால், வெட்டிய ஒவ்வொரு சோப்பிலும் நடுவில் ஒரு கருவட்டம் தெரியும். வெள்ளைக்காக டைட்டானியம் டைஆக்சைடு சேர்த்த கலவையில் தண்ணீரும் சூடும் கூடினால், நரம்பு நரம்பாகக் கண்ணாடிக் கோடுகள் ஓடும். மருந்து இரண்டில் ஒன்று. தண்ணீரைக் குறைத்து, முழுவதும் ஜெல்லாகும்படி போர்த்த வேண்டும். இல்லையென்றால் ஐஸ்பெட்டியில் வைத்து ஜெல்லையே தடுத்துவிட வேண்டும். நடுவில் விடக் கூடாது.

வெட்டும் திசை

கலவையை ஊற்றும்போதே எந்தப் பக்கமாக வெட்டப்போகிறோம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் கம்பி ஏறி இறங்கிய வளைவுகள் தெரியும். அதே கட்டியைப் படுக்கவைத்து நீளவாக்கில் அறுத்தால் மேலிருந்து பார்க்கும் ஓட்டம் தெரியும். அடுத்தடுத்து வெட்டிய இரண்டு சோப்புகளின் ஒட்டியிருந்த முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றதற்குக் கண்ணாடிப் பிம்பம். கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஆர்டர் வரும்போது அந்த ஜோடியைப் பிரிக்காமல் கொடுக்கிறோம்.

வெட்டிய சோப்புகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கிவைப்போம். ஐப்பசி மழையில் சோப்பிலுள்ள கிளிசரின் ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வேர்க்கும் என்பதால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வெள்ளைப் படலமாகச் சோடா சாம்பல் படிந்தால் கொதிநீராவியில் காட்டித் துடைத்துவிடலாம்.

சாட்சி சொல்லும் வடிவம்

வடிவம் சாட்சி என்ற நினைப்பு பழையதுதான். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்செய் நகரமும் மற்றச் சோப்பு ஊர்களும் மார்பிள் சோப்பு காய்ச்சின. இரும்பு உப்பினால் வந்த நீலப்பச்சை நரம்புகள் அதில் ஓடும். சோப்பில் தண்ணீரைக் கூட்டி எடை ஏற்றினால் அந்த நரம்புகள் நிற்காமல் அடியில் படிந்துவிடும். ஆகவே வாங்குகிறவர்கள் நரம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். அலங்காரமே தரத்துக்கு உத்தரவாதமாக இருந்த தொழில் இது.

அந்த மரியாதையை மீட்டுக்கொள்ள நாமும் ஆசைப்படலாம். ஆலையில் உலர்ந்த சோப்பு இழைகளை அரைத்து, அழுத்தித் தள்ளி, மேலே முத்திரை குத்துகிறார்கள். சில குளியலில் முத்திரை தேய்ந்துவிடும். ஊற்றிய சோப்பின் கோடு உடம்பு முழுக்க ஓடுகிறது. தேயத் தேய உள்ளிருக்கும் அடுத்த கோடு வெளியே வரும்.

பழக வரும் பெண்களுக்கு நான் முதலில் நிறமே கொடுப்பதில்லை. வெள்ளைச் சோப்பு ஊற்றச் சொல்லி, வெட்டி, அதில் கருவட்டமோ பொந்தோ நரம்போ தெரிந்தால் காரணம் சொல்லச் சொல்வேன். "அக்கா, ஓரம் வெளிறியிருக்குதுங்க, போர்வை பத்தலை" என்று ஒருத்தி தானாகச் சொல்லும் நாளில் அவளிடம் மஞ்சிட்டி எண்ணெயைக் கொடுப்பேன். வெறும் சோப்பைப் படிக்கத் தெரிந்தவள் எந்த டிசைனையும் தானே கண்டுபிடித்துக்கொள்வாள். சீப்பும் கம்பியும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எண்ணெயையும் தண்ணீரையும் சூட்டையும் அறிந்த கைதான் அவற்றை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்யும். இந்த வரிசையை மாற்றாமல் கற்றுக்கொடுப்பதே இந்தத் தொழிலுக்கு நான் செய்யக்கூடிய நல்ல காரியம் என்று நம்புகிறேன்.